கரை ஒதுங்கிய செய்தி

பதுளையில் வாழ்பவன் கடலைக் காண விரும்பினால் ஒரு பகற்பொழுதைப் பயணத்துக்கென்றே ஒதுக்கிவிடல் வேண்டும். கொழும்பிலிருந்து 292 கிலோமீற்றர் மலையேறி இளைத்து வரும் புகைவண்டி இதற்கு மேற் செல்ல வழியின்றி நின்றுவிடும் ஊர் எங்களூர். வானம் தெளிந்த நாளிலே அப்புத்தளை மலைமுகட்டில் நின்று தெற்கே நோக்கினால், அம்பாந்தோட்டைப் பக்கத்திலே வெள்ளிக்கோடு ஒன்று மினுங்கும். அதுதான் கடல் என்று பெரியவர்கள் காட்டுவார்கள். பிள்ளைகள் அதனை முகில் என்றே கருதிக்கொண்டு வீடு திரும்புவர்.

குறிஞ்சிக்குச் சேயோன் என்றும் நெய்தலுக்கு வருணன் என்றும் தொல்காப்பியர் வகுத்த முறையை முப்பது ஆண்டுகளாக நான் மாணவர்க்குப் பாடஞ் சொல்லி வருகிறேன். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று கரும்பலகையில் எழுதிய தடவைகளுக்குக் கணக்கில்லை. ஆயினும் நான் கடலருகே நின்ற நாள்களை இரு கை விரல்களால் எண்ணிவிடலாம். எங்கள் தோட்டத்து மக்களிற் பலர்க்கு அவ்வளவும் வாய்த்ததில்லை. கடல் எங்களிடம் மூன்று வடிவில் வருகின்றது. உப்பாக வரும், கருவாடாகவும் டின் மீனாகவும் வரும், செய்தித்தாளாக வரும். முன்னைய இரண்டையும் நாவினாற் சுவைத்து அறிகின்றோம். மூன்றாவதை நம்பி அறிகின்றோம். கடலைக் காணாதவனுக்குச் செய்தித்தாளே கடற்கரை. அந்தக் கரையில் என்ன ஒதுங்குகின்றதோ அதுவே அவன் அறிந்த கடல்.

இதனை நான் ஒரு பிழையின் வாயிலாகக் கற்றுக்கொண்டேன். அப்பிழை என்னுடையது.

எரிந்த கப்பலும் விலைபோகாத மீனும்

2021 மே மாதம் 20ஆம் நாள், கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னுங் கப்பலில் தீப் பற்றியது. சிங்கப்பூர்க் கொடி பறந்த புத்தம் புதிய கப்பல் அது. 1486 கொள்கலன்கள் அதிலிருந்தன. அவற்றுள் 25 தொன் நைத்திரிக்கமிலமும், ஏறக்குறைய 1680 தொன் பிளாஸ்டிக் குருணைகளும் அடங்கும். அமிலம் கசிவதைக் கப்பலோர் முன்னரே கண்டிருந்தனர். கட்டார் நாட்டிலும் இந்தியாவின் மேற்குக் கரையிலும் இருந்த துறைமுகங்கள் அக்கொள்கலனை இறக்க இடங்கொடுக்கவில்லை. பல நாள் எரிந்த பின்னர் தீ அணைந்தது. ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது, யூன் 2ஆம் நாள், பின்புறம் தரை தட்டிக் கப்பல் மூழ்கத் தொடங்கியது.

அந்நாட்களில் நாடு முழுவதும் பெருந்தொற்றினால் முடங்கிக் கிடந்தது. வீட்டுக்குள் அடைபட்டிருந்த மக்கள் செய்தியையே உணவாக உண்டனர். கரும்புகை வானத்தை மூடிய படமும், வெண்ணிற அங்கியணிந்தோர் நீர்கொழும்புப் பக்கத்து மணலிலே வெள்ளைக் குருணைகளை வாரியள்ளிய படமும், வாயிலும் தோலிலும் காயத்தோடு செத்தொதுங்கிய ஆமைகளின் படமும் நாள்தோறும் வந்தன. மீன் உண்ணலாமா என்ற வினா எழுந்தது. நானும் எழுப்பினேன். மாணவர்க்குத் தொலைபேசி வழியாகப் பாடம் நடத்திய காலம் அது. பாடத்தின் முடிவிலே, ‘கடல் நஞ்சாகிவிட்டது, வீட்டில் மீன் வாங்க வேண்டாமென்று சொல்லுங்கள்’ என்று குரற்பதிவு ஒன்று அனுப்பிவைத்தேன். ஆசிரியர் சொன்ன சொல்லாகையால் அது லயம் லயமாகப் பரவியது.

எங்கள் பகுதிக்கு மீன் பெரும்பாலும் கிழக்குக் கரையிலிருந்தே வரும். பொத்துவில், கல்முனைப் பக்கத்து வியாபாரிகள் மொனராகலை, பசறை வழியாகப் பனிக்கட்டிப் பெட்டிகளுடன் ஏறி வருவார்கள். அவர்களுள் ஒருவர் பல ஆண்டுகளாக எங்கள் தெருவில் மீன் விற்பவர். பயணத்தடை தளர்ந்த பின்னர் யூன் மாத இறுதியில் ஒரு நாள் காலை அவர் வந்தார். கூவிப் பார்த்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. தோட்டத்துக்கு ஏறிச் சென்று பிற்பகலில் இறங்கி வந்தபோது என் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

‘மாஸ்டர், கப்பல் எரிஞ்சது கொழும்புப் பக்கம். நான் கொண்டு வாற மீன் பொத்துவில் மீன். அந்தக் கடல் எங்கே, இந்தக் கடல் எங்கே? நீங்கதான் வாங்க வேணாமெண்டு சொன்னீங்களாமே!’

‘நானா, கடல் எல்லாம் ஒன்றுதானே?’ என்றேன்.

அவர் மறுமொழி கூறவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். பனிக்கட்டி நீராகியிருந்தது. அந்த நீரில் பாரை மீன்கள் கண் வெளுத்துக் கிடந்தன. மூடியை இட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அதன் பின்னர் நெடுங்காலம் அவரை நாங்கள் காணவில்லை.

அன்றிரவு நான் செய்தித்தாள்களை மீண்டும் எடுத்துப் படித்தேன். மீன்பிடி தடுக்கப்பட்டது மேற்குக் கரையின் ஒரு பகுதியிலேயே என்பது அவற்றில் அச்சாகியிருந்தது. சிறிய எழுத்தில், உட்பக்கத்தில், பெரிய படத்தின் நிழலில் அது கிடந்தது. நான் படத்தைப் படித்தேன்; செய்தியைப் படிக்கவில்லை. குற்றம் அச்சிட்டவருக்கும் உண்டு, படித்தவனுக்கும் உண்டு.

இவ்வச்சம் புதியதுமன்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் பல வாரங்கள் மீனை வெறுத்தோம். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையிலிருந்து நோய் பரவியதெனச் செய்தி வந்ததும் மீன் விலைபோகாமற் கிடந்தது. அடுத்த மாதம் முன்னாள் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டும் நிலையும் வந்தது. ஒவ்வொரு முறையும் நாம் கேட்ட வினா ஒன்றே: மீன் நமக்கு நல்லதா? மீன் நலமாக இருக்கிறதா என்று கேட்டவர் மிகச் சிலர்.

மறக்கப்பட்ட குருணை

செய்தித்தாள்களை நான் பழிக்க வரவில்லை. அவை இல்லையேல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கடலோரத்தாரின் தனித்துயராகவே முடிந்திருக்கும். 400க்கு மேற்பட்ட ஆமைகள் இறந்தொதுங்கிய கணக்கை நாடறியச் செய்தவை அவையே. உலகில் அதுவரை பதிவான பிளாஸ்டிக் குருணைக் கசிவுகளுள் இதுவே மிகப் பெரிதென்ற உண்மையும் அவற்றின் வாயிலாகவே மக்களை எட்டியது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. 2025 யூலை 24ஆம் நாள், கப்பல் நிறுவனத்தார் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று மீண்டும் முதற்பக்கத்தில் பழைய தீயின் படம் வந்தது.

எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தீ பிடித்த நாளுக்கும் தீர்ப்பு வந்த நாளுக்கும் இடையே நான்கு ஆண்டுகள். அந்நான்கு ஆண்டுகளிலும் குருணைகள் கடலிலேயே இருந்தன. பிளாஸ்டிக் மக்குவதில்லை, நொறுங்குகின்றது. பயற்றம்பருப்பளவாக இருந்தது மணலளவாகும், மணலளவு தூசாகும். மீன் அதனை முட்டையென்றும் இரையென்றும் மயங்கி விழுங்கும். நெருப்பில் வெந்து கருகிய குருணை வெள்ளைக் குருணையினும் எளிதில் உதிரும். அது சிறுகல்லை ஒத்திருத்தலால் மணலிலிருந்து பொறுக்கியெடுப்பதும் அரிது. இவையெல்லாம் நாள்தோறும் நிகழ்வன. நாள்தோறும் நிகழ்வது எதுவும் செய்தியன்று என்பது அச்சகத்து இலக்கணம். தீ செய்தி, தீர்ப்புச் செய்தி, இடைப்பட்ட கடல் செய்தியன்று.

ஒரு மொழி, இரு கரை

இனி எங்கள் முன்னோர் கடந்து வந்த கடலுக்கு வருவோம். என் பாட்டனாரின் தந்தையார் இராமநாதபுரச் சீமையிலிருந்து பாக்குநீரிணையைக் கடந்தே இந்நாட்டுக்கு வந்தார். மலைநாட்டுத் தமிழர் பெரும்பாலாரின் குடும்பக் கதையில் அக்கடல் ஓர் அதிகாரமாக உண்டு. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னர் தோணியில் வந்திறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். அக்கடல் எங்களுக்குப் பெற்றோரூர்ப் பாதை. ஆழமோ மிகக் குறைவு. பல இடங்களிற் பத்து மீற்றரை எட்டாது. கதிரொளி அடித்தளம் வரை எட்டுதலால் அங்கே கடற்புல் மேய்ச்சல் நிலம்போற் செழித்து வளரும். அதனை மேயும் விலங்கு கடற்பசு. இராமநாதபுரத்துக் கடலோடிகள் அதனை ஆவுளியா என்பர். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்ற தொட்டிலும் அப்புல்வெளியே.

அக்கடலைப் பற்றி இரு கரையிலும் நாளிதழ்கள் எழுதுகின்றன. இரண்டும் நம் தமிழிலேயே எழுதுகின்றன. ஓரிரவில் நடந்த ஒரே நிகழ்ச்சி, அக்கரையில் ‘மீனவர் சிறைபிடிப்பு’ என்று தலைப்புப் பெறுகின்றது; இக்கரையில் ‘இழுவைப்படகுகள் அத்துமீறல்’ என்று தலைப்புப் பெறுகின்றது. இரண்டும் மெய்யே. சிறைப்பட்டவன் கூலிக்குப் படகேறிய ஏழை. வலையறுந்தவனும் ஏழையே, போருக்குப் பின்னர்க் கடன்பட்டு வலை வாங்கிய வடபுலத்து மீனவன் அவன். அக்கரைத் தாள் மட்டும் படிப்பவனுக்கு இவன் துயர் தெரியாது. இத்தாள் மட்டும் படிப்பவனுக்கு அவன் துயர் தெரியாது. இரண்டையும் படிப்பவனுக்கும் கடலின் அடித்தளம் தெரியாது.

இழுவைமடியின் தொழில் யாது? இரண்டு கனத்த பலகைகள் மடியின் வாயை விரித்துப் பிடிக்க, அதன் அடிக்கயிறு தரையை உரசிக்கொண்டே போகும். இறால் மண்ணிலிருந்து துள்ளியெழுந்து மடிக்குள் விழும். கடற்புல் வேரோடு பிடுங்கப்படும். சங்கும் கடலட்டையும் முட்டையுங் குஞ்சும் வேறுபாடின்றி வாரப்படும். தேயிலைக் கொழுந்து பறிப்பதற்குச் செடியையே வேரோடு இழுப்பவனை எந்தக் கங்காணியாவது பொறுப்பானா? இத்தொழில் தொன்றுதொட்டு வந்ததுமன்று. சுதந்திரத்துக்குப் பின்னர், 1950களிலே, நோர்வே நாட்டு உதவித் திட்டத்தோடு இந்தியக் கரையில் விசைப்படகும் இழுவைமடியும் முன்னேற்றத்தின் பெயரால் ஊக்கம் பெற்றன. இலங்கைப் பாராளுமன்றம் 2017 யூலையில் அடியிழுவை மீன்பிடியைச் சட்டத்தால் தடைசெய்தது. தமிழ்நாட்டரசு 2022 செப்டெம்பரில் பாக்குவிரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இரு அரசுகளும் ஒரே புல்வெளியைக் காக்க நீட்டிய இரு கைகள் இவை. ஆனால் இவ்விரண்டையும் ஒரே கட்டுரையில் ஒருங்கு வைத்துச் சொன்ன தாளை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். எல்லை என்ற சொல் கடல் என்ற சொல்லை மறைத்துவிட்டது.

2005 யூலையிற் சேதுசமுத்திரத் திட்டந் தொடங்கப்பட்டபோதும் இவ்வாறே நேர்ந்தது. இராமன் கட்டிய பாலமா, இயற்கை இட்ட திட்டா என்ற வாதத்துக்குப் பக்கம் பக்கமாக இடங்கிடைத்தது. ஆழந் தோண்டினாற் கலங்குஞ் சேறு முருகைக்கல்லை மூடுமே, புல்வெளிக்கு ஒளி எட்டாதே என்று சொன்னவர்களுக்குக் கிடைத்தது ஒரு மூலை.

சொல்லும் பொருளும்

சொல்லைத் தொழிலாகக் கொண்டவனாதலால் ஒன்று கூற விரும்புகிறேன். நம் தாள்களில் அடிக்கடி வரும் தொடர் ஒன்றுண்டு: ‘அரியவகை உயிரினம் கரை ஒதுங்கியது’. இன்னொன்று: ‘இராட்சத மீன் சிக்கியது’. அரியவகை என்றால் எவ்வகை? இராட்சத மீன் என்பது சுறாவா, திமிங்கிலமா? திமிங்கிலம் மீனேயன்று, குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. ஆவுளியா என்ற பெயர் தமிழிலிருக்க, அதனைப் பெயரற்ற பிணமாக்கி அச்சிடுகின்றோம். பெயர் தெரியாதவன் இறந்தால் ஊர் அழுவதில்லை. உயிருக்கும் அஃதே.

பெயரும் நேரமும் சரியாக வாய்த்தால் செய்தி என்ன செய்யும் என்பதற்குச் சான்றுமுண்டு. 2020 நவம்பர் 2ஆம் நாள் பாணந்துறைக் கரையில் நூறளவான திமிங்கிலங்கள் தரை தட்டின. கடற்படையினரும் ஊராரும் இரவெல்லாம் நீரில் நின்று அவற்றைத் தள்ளிக் கடலேற்றினர். சிலவே இறந்தன. ஊரடங்குக் காலத்து இருளிலே அச்செய்தியைப் படித்த எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, ‘ஐயா, அதுகளுக்கு யார் வழி சொன்னாங்க?’ என்று கேட்டாள். ஒரு நல்ல செய்தி மலையிலே ஒரு வினாவை முளைக்கச் செய்தது.

ஆனால் மெதுவாக நிகழும் அழிவுக்கு அத்தகைய இரவு எதுவுமில்லை. முருகைக்கல் என்பது கல்லன்று. சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய நகரம். அவ்வுயிரின் உடலுக்குள்ளே பாசியொன்று குடியிருந்து ஒளியை உணவாக்கிக் கொடுக்கின்றது. கடல்நீர் வழக்கத்தினுஞ் சற்றே சூடேறிச் சில வாரங்கள் நின்றால் அப்பாசி வெளியேறும்; முருகை வெளுக்கும்; சூடு தணியாவிட்டால் இறக்கும். 1998இல் அவ்வாறு வெளுத்துக் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரும்பாறைத்தொடர் பேரிழப்புக் கண்டது. உலகக் கடல்களெங்கும் நான்காவது பெருவெளிறல் நிகழ்கின்றதென 2024 ஏப்பிரலில் அறிவிக்கப்பட்டது. வெப்பத்துக்கு நாளுங் கோளும் இல்லை. படமெடுக்கப் புகையுமில்லை.

ஆழிப்பேரலை நாளிற் பெரலியவில் புகைவண்டி அடியுண்டு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டதை நாடு மறவாது. சுண்ணாம்புக்காக முருகைக்கல் அகழப்பட்டிருந்த அவ்விடத்தில் அலை ஒன்றரைக் கிலோமீற்றரளவு உள்நுழைந்தது. முருகைக்கல் காவலாக நின்ற அண்டை ஊர்க் கரையிலோ அது சிறுதொலைவிலேயே நின்றுவிட்டது. ஆய்வாளர் 2005இலேயே இதனை எழுதினர். புகைவண்டியின் கதை எல்லோர்க்குந் தெரியும். முருகைக்கல்லின் கதை எத்துணைப் பேருக்குத் தெரியும்?

நாம் மலைவாணர். இதனை அறியப் பெரலிய வரை போக வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியது. 2005இலும் 2011இலும் அவ்விடம் ஆபத்தானதென அறிவுறுத்தப்பட்டிருந்தது. அவ்வறிவுறுத்தல் செய்தியாகவில்லை, சடலங்களே செய்தியாயின. மண்ணுக்குள் நீர் ஊறுவதை எழுதாத எழுதுகோல், கடலுக்குள் சூடேறுவதை எழுதுமோ?

நதியின் வழி

நமுனுகுல மலையிலே பெய்யும் மழையின் ஒரு பகுதி பதுளு ஓயாவாகி மகாவலியிற் கலந்து திருகோணமலைக் கொட்டியாரக் குடாவுக்குச் செல்கின்றது. மற்றொரு பகுதி மாணிக்க கங்கையாகிக் கதிர்காமத்தைத் தொட்டுத் தென்கடலிற் சேர்கின்றது. நம் தோட்டத்துச் சரிவுகளிலிருந்து அடித்துச் செல்லப்படும் செம்மண்ணும், புல்லுக்குத் தெளிக்கும் நஞ்சும், ஓடையில் வீசும் பொலித்தீன் பையும் அவ்வழியே போகின்றன. ‘கடல் எல்லாம் ஒன்றுதானே’ என்று அன்று நான் சொன்னது ஒருவகையில் மெய். ஆனால் அதை நான் சொன்னது கடலுக்காக இரங்கியன்று. ஓர் ஏழை வியாபாரியை வாசலிலிருந்து அனுப்புவதற்காக. மெய்யை இடமறியாது சொல்வதும் ஒருவகைப் பொய்.

இப்போது என் வகுப்பிலே வெள்ளிக்கிழமை தோறும் செய்தித்தாள் விரிக்கப்படுகின்றது. சுவரிலே இலங்கைப் படம் தொங்குகின்றது. கடலைப் பற்றிய செய்தி எது வந்தாலும் மாணவர் மூன்று வினாக்களைக் கேட்டாக வேண்டும்: எங்கே நிகழ்ந்தது? இதற்கு முன் என்ன நிகழ்ந்தது? இதற்குப் பின் யார் பார்ப்பார்? மூன்றாம் வினாவுக்குத் தாளிற் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. விடையில்லாத இடத்தில் பிள்ளைகள் குறிப்பேட்டிலே நாளைக் குறித்து வைத்துக்கொள்கின்றனர். ஆறு மாதங் கழித்து மீண்டும் தேடுகின்றனர். ஆசிரியபீடத்தாரிடம் எனக்கு உள்ள வேண்டுகோளும் இதுவே. ஒரு முறை முதற்பக்கத்தில் அழுத கடலை, ஆறு மாதங் கழித்து ஐந்தாம் பக்கத்திலாவது நலம் விசாரியுங்கள்.

சென்ற ஆண்டில் ஒருநாள் அந்த மீன்காரர் மீண்டும் எங்கள் தெருவுக்கு வந்தார். தாடி நரைத்திருந்தது. நான் வாசலுக்கு இறங்கிப் போனேன். ‘நானா, அன்றைக்கு நான் சொன்னது பிழை’ என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். ‘பேப்பரைப் பார்த்துத்தானே சொன்னீங்க, மாஸ்டர்’ என்றார். பின்பு தராசை எடுத்தார். பாரை மீன் ஒரு கிலோ நிறுத்து, முன்பெல்லாம் செய்வதுபோல, மேலும் ஒரு சிறு மீனைக் கொசுறாக வைத்தார்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அப்பாடத்தை நடத்தும்போது, தலைவிக்காக மட்டும் அன்று, அவள் நின்றழுத கடலுக்காகவும் இரங்கலாமா என்று இப்போது மாணவரைக் கேட்கிறேன்.